இருபத்து நாலு பேர் கூட்டணியும் ஒரு கம்பளி ஊரும்

போன மாசம் நான் ரிட்டயர் ஆன அன்னிக்கு, எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்த திவ்யா ஒரு டேப்லெட்டைத் தூக்கிக்கினு வந்து என் முன்னாடி வெச்சா. "சரளா மேடம், ரெண்டு யுனிவர்சிட்டிய டிக் பண்ணா போதும். எது பெரிய குரூப்புல இருக்குது, எது இல்ல, எல்லாம் கட்டம் போட்டு வந்துடுது. இதெல்லாம் வர்றதுக்கு முன்னாடி நீங்க எப்படி மேடம் கம்பேர் பண்ணீங்க?"ன்னு கேட்டா. வாயில இருந்த கேக் புரை ஏறுற மாதிரி சிரிச்சேன்.

"ஜமக்காளத்துல உக்காந்து"ன்னேன். அவ நம்பல. "மேடம், காமெடி பண்ணாதீங்க"ன்னுட்டா. எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! வேலை பார்த்த காலம் பூரா நான் சிரிச்சது உண்மைதான், ஆனா ஒரு நாள்கூட காமெடி பண்ணல. சரி, எழுதியே வெச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

நான் வேலை பார்த்தது வெளிநாட்டுப் படிப்புக்கு வழி சொல்ற ஆபீஸ். காஞ்சிபுரத்துல ஒரு பட்டுக்கடைக்கு மேல் மாடி. கீழ கல்யாணக் கூட்டம் சேலை எடுத்துக்கினு இருக்கும், மேல நாங்க லண்டன், டொராண்டோன்னு பேசிக்கினு இருப்போம். முகூர்த்த நாள்ல வழி தெரியாம மேல ஏறி வந்து, "அரக்கு கலர்ல காட்டுமா"ன்னு என்னைக் கேட்டவங்க எத்தினியோ பேரு. டைப்பிஸ்ட்டா சேர்ந்தேன். டைப் அடிச்சி அடிச்சி எல்லா யுனிவர்சிட்டி பேரும் விரல்ல ஏறிடுச்சி. ஒரு நாள் ஆலோசகர் வரல, என்னைத் தூக்கி அந்த நாற்காலியில போட்டாங்க. அவ்ளோதான் என் டிரெயினிங்கு.

போட்டவர் ரவூப் பாய். ஆபீஸ் அவருது. பரம்பரையா ஜவுளி வியாபாரம் பண்ண குடும்பம். சின்ன வயசுல பட்டுக்கடையில உக்காந்து சேலை விரிச்சிக் காட்டினவரு. அண்ணன் தம்பிங்க பாகம் பிரிச்சப்ப, "எனக்குக் கடை வேணாம், மாடி குடுங்க"ன்னு வாங்கிக்கினு இந்த ஆபீஸைத் தொறந்தாரு. கடைய விட்டாரே தவிர, கடைப் பழக்கத்த விடல. மேஜை நாற்காலி எல்லாம் எங்களுக்கு. வர்ற குடும்பத்துக்கு ஜமக்காளம், அது மேல விரிச்ச வெள்ளை வேட்டி, நடுவுல அவரு.

அவர் ஒரு யுனிவர்சிட்டி புத்தகத்த விரிக்கிறதப் பார்க்கணுமே! இடது கைப் பக்கம் எல்லாம் மடிச்சபடி இருக்கும். மொதல்ல, வந்தவங்க ஆசைப்பட்டுக் கேட்டது எதுவோ அத விரிப்பாரு. பேசவே மாட்டாரு. அவங்க கண்ணு குளிர பார்த்து முடிக்கட்டும். அப்புறம் ரெண்டாவது, மொதல்ல விரிச்சதுக்குப் பக்கத்துலயே, அதுல இல்லாதது இதுல தெரியற மாதிரி. மூணாவத விரிக்க மாட்டாரு. மடிச்சது மடிச்சபடி, படிக்கப் போற புள்ளையோட கையில வெச்சிடுவாரு. அப்பா கை நீட்டினாலும் தர மாட்டாரு. "கட்டப் போறவங்க கையிலதான் குடுக்கணும் சரளாமா. மத்தவங்க பார்டர் பார்ப்பாங்க. கட்டறவங்கதான் ஒடம்புக்கு ஒத்து வருமான்னு பார்ப்பாங்க"ன்னுவாரு. நாலாவது கிடையவே கிடையாது. நாலாவது விரிச்சா, "யோசிச்சி நாளைக்கு வரோம்"னு எழுந்துடுவாங்களாம்.

பெரிய யுனிவர்சிட்டிங்க கூட்டம் கூட்டமா சேர்ந்து ஒரு பேர் வெச்சிக்கினு இருக்கும் இல்லியா, அந்தப் பேருங்க நம்ம ஜனங்க வாயில நுழையாது. நாங்களே பேர் வெச்சோம். அமெரிக்காவுல இருக்கிறது பந்தாட்ட எட்டு. நெசமாவே அந்த எட்டு பேரும் சேர்ந்தது ஒருத்தரோட ஒருத்தர் பந்து விளையாடறதுக்குத்தான், படிப்புப் பெருமை பின்னாடி வந்து ஒட்டிக்கிச்சி. ஆஸ்திரேலியாவுல இருக்கிறது கங்காரு எட்டு. கனடாவுல பனிப் பதினஞ்சு. இங்கிலாந்துல கோட்டுக்கார இருபத்து நாலு.

தாமல்லேருந்து வந்த ஒரு அப்பா ரெண்டு எட்டையும் ஒண்ணாக் கலந்துட்டாரு. பையன் போனது கங்காரு எட்டுக்கு. இவரு அமெரிக்காப் பனியை நெனச்சிக்கினு, மூட்டை மூட்டையா ஸ்வெட்டர், குல்லா, காதுக்கு மஃப்ளர் எல்லாம் கட்டி அனுப்பிட்டாரு. பிப்ரவரி மாசம், அங்க மண்டைய பிளக்குற வெயில். பையன் போன் பண்ணி, "மேடம், தாமல் ஏரி காஞ்ச மாதிரி இருக்குது மேடம், நான் கம்பளியில நிக்கிறேன்"ன்னு அழுதான். நான் போனைக் கையால மூடிக்கினு சிரிச்சேன், ரவூப் பாய் அந்தாண்ட ரூம்ல போய் சிரிச்சாரு.

இப்படிச் சிரிச்சிக்கினே போன எங்க பொழப்புல ஒரு கேஸ் மட்டும் எங்களையே உலுக்கி எடுத்துடுச்சி. கொரோனா அடங்கின புதுசு. ஒரு காலையில ஆபீஸ் வாசல்ல லோடு ஆட்டோ வந்து நின்னுச்சி. அதுலேருந்து ஒரு குடும்பமே எறங்குது, எறங்குது, எறங்கிக்கினே இருக்குது. பட்டுக்கடைக்குப் போற கூட்டம்னு நெனச்சேன். நேரா மாடி ஏறி வந்து ஜமக்காளம் கொள்ளாம உக்காந்துட்டாங்க.

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஏகாம்பரம் குடும்பம். ஏகாம்பரம்தான் பெரியவரு, வீட்டுல அவர் வெச்சதுதான் சட்டம். அவர் பொண்ணு ஹரிணி. இன்னொருத்தி யாழினி, அவர் தம்பி பொண்ணு. தம்பி மாரடைப்புல போனப்ப யாழினி ஸ்கூல் போய்க்கினு இருந்தா. அன்னிலேருந்து ரெண்டு பொண்ணுக்கும் எல்லாமே ஜோடிதான். பாவாடை ஒரே துணி, சைக்கிள் ஒரே கலரு, ஒருத்திக்கு ஜுரம் வந்தா ரெண்டு பேருக்கும் கஷாயம். இப்ப ரெண்டு பேரும் டிகிரி முடிச்சிட்டாங்க. ஹரிணிக்குப் புள்ளியியல். யாழினிக்குச் சாயம். நூலுக்கு ஏத்துற கலரைப் பத்தி மேல படிக்கணும்னு வெறி.

"பாய், ரெண்டு பேரும் அந்தக் கோட்டுக்கார இருபத்து நாலுலதான் படிக்கணும்"னாரு ஏகாம்பரம். எங்க பட்டப்பேரு பிள்ளையார்பாளையம் வரைக்கும் போய்க் கெடக்குது பாருங்க! "ஒண்ணு அதுலயும் ஒண்ணு வெளியிலயும்னு இருக்கவே கூடாது."

"ஏன் ஏகாம்பரம், சட்டை வாங்கற மாதிரி பேசறீங்க?"ன்னாரு பாய்.

"தம்பி பொண்ணுக்கு மட்டமா பார்த்துக் குடுத்துட்டான், சொந்தப் பொண்ணுக்கு ஒசத்தி வாங்கிட்டான்னு ஒருத்தன் சொல்லிட்டாக்கூட நான் தெருவுல தல காட்ட முடியாது பாய். எந்தம்பி இருந்து நான் செஞ்சா அது வேற"ன்னாரு.  யாழினியோட அம்மா முந்தானையால மூக்கைத் தொடச்சிக்கினாங்க. அவர் மனசு தங்கம், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா தங்கத்தத் தூக்கிக்கினு நடக்கிறது கஷ்டம்.

பாய் தன் முறைப்படி ரெண்டை விரிச்சாரு, ரெண்டும் இருபத்து நாலுல உள்ளது. குடும்பமே குனிஞ்சி பார்த்து தலையாட்டுச்சி. மூணாவதை மடிச்சபடி யாழினி கையில வெச்சாரு. ஸ்காட்லாந்து பக்கத்துல மலைங்களுக்கு நடுவுல ஒரு ஊரு. காலங்காலமா கம்பளி நெய்த ஊரு. அங்க சாயத்துக்குன்னே ஒரு படிப்பு. எந்தக் கூட்டணியிலயும் அது இல்ல. அந்தப் பொண்ணு ரெண்டு பக்கம் புரட்டினா பாருங்க, மூஞ்சியில அப்படியே பல்பு எரிஞ்சிச்சி. "பெரியப்பா, இங்க மாணவங்களே சாயத்தொட்டியில எறங்கி வேலை செய்யலாமாம்!"ன்னு கத்தினா.

"தொட்டியில எறங்கறதுக்கு லண்டன் போவணுமா? நம்ம தெருவுலயே எறங்கலாமே"ன்னாரு ஏகாம்பரம். கூட்டம் சிரிச்சிச்சி. யாழினியும் சிரிச்சா, ஆனா புத்தகத்த மட்டும் திருப்பித் தரல. கடைசியில, ஒப்புக்கு அதுவும் ஒரு விண்ணப்பம் போட்டு வைக்கலாம்னு பெரியவரு எறங்கி வந்தாரு.

இனிமேதான் கூத்து. நான் ஏன் இதப் படிக்க வரேன்னு ஒவ்வொரு புள்ளையும் ஒரு கட்டுரை எழுதி அனுப்பணும். ரவூப் பாய் கட்டுரைய எப்பவும் கண்ண மூடிக்கினு கேப்பாரு, புள்ளைங்க சத்தமா படிக்கணும். எங்கயாவது பொய் வந்தா அவர் மூக்கு சுருங்கும். ஹரிணி படிச்சா, அருமை. யாழினி படிச்சா. சின்னப் பொண்ணா இருக்கும்போது அவங்கப்பா அவ கையச் சாயத்துல முக்கி எடுத்தாராம். அந்தச் செவப்பு போவாம ஸ்கூல்ல அடி வாங்கினாளாம். போவாத அந்தச் செவப்பு என்னன்னு தெரிஞ்சிக்கத்தான் வரேன்னு முடிச்சிருந்தா. பாய் கண்ணத் தொறக்கவே இல்ல. "போ பேட்டா, அனுப்பு"ன்னாரு. மனசு நெறைஞ்சா புள்ளைங்களை அவர் அப்படித்தான் கூப்பிடுவாரு.

ஆனா வீட்டுல அத ஏகாம்பரம் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்காரு. தூக்கிவாரிப் போட்டுடுச்சாம். கறைபடிஞ்ச கை, ஸ்கூல்ல அடி, இதையெல்லாம் கோட்டுக்காரங்களுக்குச் சொல்றதா? ஹரிணி கட்டுரையில ஜனத்தொகை, அரசாங்கம், எலெக்‌ஷன்னு எவ்ளோ கம்பீரம்! அவர் நெசவுக்காரரு. ஒரே பாவு, அதாவது தறியில நீளமா கட்டுற நூலு, அதுல ரெண்டு மூணு சேலை எறக்குவாங்க. குறுக்க ஓடுற ஊடை நூலோட கலரை மாத்தினா போதும், அது வேற சேலை ஆயிடும். தலைமுறை தலைமுறையா அப்படித்தான் பொழப்பு. "பாவு ஒண்ணே இருக்கட்டும். ஊடைய மட்டும் மாத்துங்க"ன்னு உத்தரவு போட்டுட்டாரு. பெரியப்பா சொல்லி யாழினி எத மறுத்திருக்கா? ஹரிணி கம்ப்யூட்டர்ல உக்காந்து, தன் கட்டுரையில புள்ளியியல்னு இருந்த இடத்துலயெல்லாம் சாயம்னு ஒரே தட்டுல மாத்தி, அந்த ரெண்டு பெரிய இடத்துக்கும் யாழினி பேர்ல அனுப்பிட்டா. எங்ககிட்ட மூச்சு விடல.

கொஞ்ச நாள் கழிச்சி ரெண்டுல ஒரு யுனிவர்சிட்டிலேருந்து கடிதாசி வந்துச்சி. ஒரே விலாசத்துலேருந்து ரெண்டு கட்டுரை, ஒண்ண மாதிரியே இன்னொண்ணு, ரெண்டு பேரும் வீடியோவுல வந்து விளக்கம் சொல்லுங்கன்னு.  பொண்ணுங்களையும் ஏகாம்பரத்தையும் கூப்பிட்டு வெச்சி பாய் அந்தக் கட்டுரையப் படிக்கச் சொன்னாரு. யாழினி தமிழ்ல சொல்லிக்கினே படிச்சா.

"சின்ன வயசுலேருந்தே எனக்குச் சாயம்னா உயிர். சாயம் இல்லாம எந்த அரசாங்கமும் நடக்காது. சாயத்த வெச்சித்தான் நாட்டு ஜனத்தொகைய எண்ணுறாங்க. எலெக்‌ஷன் முடிவ முன்கூட்டியே சொல்றதும் சாயம்தான். தப்பான சாயத்தால மக்கள் ஏமாந்துபோறாங்க."

எலெக்‌ஷன் வரைக்கும் பாய் தாக்குப் பிடிச்சாரு. அதுக்கு மேல முடியல. "அரே யா அல்லா!"ன்னு வெள்ளை வேட்டி மேல அப்படியே சாஞ்சிட்டாரு. யாழினி அழுதுக்கினே சிரிக்குது, ஹரிணி சிரிச்சிக்கினே அழுவுது, நான் சுவத்தப் புடிச்சிக்கினு நிக்கிறேன். கீழ கடையிலேருந்து ஆள் வந்து, "மேல யாருக்காவது கல்யாணமா?"ன்னு கேட்டுட்டுப் போனான். ஏகாம்பரம் மட்டும் எங்களை ஒவ்வொருத்தரா பார்த்துக்கினு, "இன்னா தப்பு? கலரைத்தான் மாத்தியாச்சே!"ன்னாரு.

வீடியோவுல வந்த யுனிவர்சிட்டி அம்மா ரொம்ப மரியாதை. கட்டுரை யாருதுன்னு கேட்டாங்க. "இது ஹரிணியோடது. நான் எழுதினது வேற, அத உங்களுக்கு அனுப்பல"ன்னு யாழினி நேராவே சொல்லிட்டா. ஏகாம்பரம் சும்மா இருப்பாரா? கேமரா முன்னாடி பாய்ஞ்சி, "தப்பு என்னுதுமா, ஒரு பாவுல ரெண்டு எறக்குறது எங்க தொழில் வழக்கம்"னு கும்பிட்டாரு. நான் மொழிபெயர்த்தேன். அந்தம்மா குறிச்சிக்கினாங்க. முடிவு வந்துச்சி. ஹரிணிக்கு இடம் உண்டு. யாழினிக்கு இல்ல. அடுத்ததும் அவளுக்கு இல்லன்னுடுச்சி. அவங்க செஞ்சது நியாயம்தான், அவளோட வார்த்தைய அவங்க கண்ணுலயே காட்டலியே.

மறுநாள் ஏகாம்பரம் தனியா வந்தாரு. லோடு ஆட்டோ இல்ல, கூட்டம் இல்ல. ஜமக்காளத்து ஓரத்துல உக்காந்தாரு. "ஹரிணியும் போவ வேணாம் பாய். ரெண்டு பேரும் இங்கயே இருக்கட்டும்"னாரு. எனக்கு அடக்க முடியல. "ஏண்ணே, ஒருத்திக்குக் கெடைக்கலன்னா இன்னொருத்தி சோத்தயும் புடுங்குவீங்களா? ஒப்புக்குத்தானேன்னு நீங்க விட்டதால, அந்தக் கம்பளி ஊருக்கு அவ சொந்தமா எழுதின கட்டுரைதானே போச்சி! அவங்க இன்னும் முடிவே சொல்லலியே!"ன்னு எகிறிட்டேன்.

"அது இருபத்து நாலுல இல்லியேமா."

பாய் கைய அமர்த்தினாரு. "சரி ஏகாம்பரம். இத்தினி நாளா இருபத்து நாலு, இருபத்து நாலுன்றீங்க. அவங்க ஏன் கூட்டு சேர்ந்தாங்கன்னு கேட்டீங்களா?"

"ஒசத்தி, அதனால சேர்ந்தாங்க."

"ஆராய்ச்சிக்கு அரசாங்கத்துக்கிட்ட நிதி கேக்கணும், தனித்தனியா கேட்டா எடுபடாது, சேர்ந்து கேப்போம்னு ஒரு ஓட்டல்ல கூடிப் பேசினாங்க. ஆராய்ச்சியில பெரிய கைங்கதான், அதுல குறை இல்ல. ஆனா வெளிய இருக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவங்களே சொல்லல. ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாத்தான் பார்க்கணும். புள்ளியியலுக்கு ஹரிணி போற எடம் நல்ல எடம். சாயத்துக்கு அந்தக் கம்பளி ஊர்ல இருக்கிற தொட்டி இவங்க நிறைய பேருகிட்ட இல்ல."

 ஏகாம்பரம் சட்டுனு தலையத் தூக்கி, "சேர்ந்து போய் அரசாங்கத்துக்கிட்ட கேக்கறதா? அப்ப அது நம்ம நெசவாளர் சங்கம் மாதிரிதானே!"ன்னாரு.

"கிட்டத்தட்ட."

"அட நாசமா போக! நானே சங்கத்துல இல்லியே பாய்! எங்கப்பாவும் இல்ல, எந்தம்பியும் இல்ல! எவனாவது என் சேலைய மட்டம்னு சொல்லிடட்டும் பார்ப்போம்!"

சொல்லிட்டு தொடையத் தட்டிக்கினு சிரிச்சாரு. அந்த மனுஷன் சிரிச்சி நான் அன்னிக்குத்தான் பார்த்தேன். பாய் என்னைப் பார்த்துக் கண்ணடிச்சாரு. எனக்குத் தலகால் புரியல, கீழ ஓடிப்போய் ஒரு தட்டு மசாலா வடை வாங்கிக்கினு வந்துட்டேன்.

அந்த வாரமே கம்பளி ஊர்லேருந்து அழைப்பு வந்துச்சி. சாயம் சொல்லிக்குடுக்கிற பேராசிரியை யாழினியோட வீடியோவுல பேசணும்னாங்க. ஆபீஸ்லதான் வெச்சோம், ஹரிணியும் யாழினி அம்மாவும் கதவுகிட்ட நின்னாங்க. ஏகாம்பரம் புது வேட்டி கட்டிக்கினு வந்து, கேமராவுல தெரியாம நிக்கிறேன்னு அவ பின்னாடியே நின்னாரு, அது நல்லா தெரிஞ்சிச்சி. அந்தம்மாவுக்கு வெள்ளை முடி, விரல் நகமெல்லாம் நீலம். நலம் விசாரிக்கவே இல்ல. "உன் கை செவப்பு போச்சா இல்லியா, மொதல்ல அதச் சொல்லு"ன்னுதான் ஆரம்பிச்சாங்க. யாழினி பேச ஆரம்பிச்சா, அவ்ளோதான். வேரு, பட்டை, படிகாரம், சூடு, தண்ணியோட உப்புன்னு ரெண்டு பேரும் ஒருத்தர் பேச்சுல ஒருத்தர் பூந்து பூந்து பேசறாங்க, கையக் காட்டிக் காட்டி சிரிக்கிறாங்க. எனக்கு பாதி புரியல. பக்கத்துல பாய் கண்ண மூடிக்கினு கேட்டுக்கினு இருந்தாரு.

கடைசியில அந்தம்மா, "உன் பின்னாடி அட்டென்ஷன்ல நிக்கிறாரே, அவர் யாரு?"ன்னு கேட்டாங்க.

யாழினி திரும்பிக்கூடப் பார்க்கல. "எங்கப்பா. நீங்க பெரிய கூட்டணியில இல்லன்னு உங்க மேல கோவமா இருந்தாரு. இப்ப இல்ல"ன்னா.

அந்தம்மா வயித்தப் புடிச்சிக்கினு சிரிச்சி, "வா, உனக்கு இங்க எடம் இருக்குது. கடிதம் பின்னாடி வரும்"னாங்க. நான் துள்ளிட்டேன். ஹரிணி ஓடி வந்து யாழினியக் கட்டிக்கினு குதிக்குது. யாழினி அம்மா கதவுகிட்டயே உக்காந்துட்டாங்க. அந்த அமர்க்களத்துல ஏகாம்பரம் மட்டும் நின்ன எடத்துலயே நிக்கிறாரு. மெதுவா என் பக்கம் குனிஞ்சாரு.

"சரளாமா, அவ 'ஃபாதர்'னுதானே சொன்னா? எனக்கு அது ஒண்ணு புரிஞ்சிச்சி. பெரியப்பாவுக்கு இங்கிலீஷ்ல வேற வார்த்தை இல்லியா?"

"இருக்குதுண்ணே"ன்னேன். "அவளுக்கும் தெரியும். அவ அதச் சொல்லல."